“பெல்ட் போடாதது அவன் பிழைதானே, மேடம்?”

கிராண்ட்பாஸிலிருந்து ‘ஒரு மாமன்’ என்று மட்டும் கையொப்பமிட்டு ஐந்து பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவருக்கு 46 வயது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கையாளாகக் கொழும்புக்கு வந்து, இப்போது ஏழு பேரை வைத்து வேலை எடுத்துச் செய்யும் மேசன் பாஸ். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எழும்பும் மாடிக் கட்டிடத்தின் வெளிப்பூச்சு வேலையைப் பெரிய கொந்தராத்துக்காரர் ஒருவரிடமிருந்து சதுர அடிக் கணக்கில் எடுத்திருக்கிறார். அவருடைய அக்காவின் மகன், 23 வயது, அதே குழுவில் நாட்சம்பளத்துக்கு நின்றவன். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுமார் 14 அடி உயரத்தில், ஏறி நின்று பூசுவதற்காகக் கட்டிய சாரத்துப் பலகை புரண்டு கீழே விழுந்துவிட்டான். இரண்டு குதிகால் எலும்பும் உடைந்து, முள்ளந்தண்டில் இடுப்புப் பக்கத்து எலும்பு ஒன்றும் நசுங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் சைட் சுப்பவைசர் சொல்லிக்கொடுத்தபடி, “தங்கியிருந்த அறைப் படியில் சறுக்கி விழுந்தான்” என்று சொல்லியிருக்கிறார்கள். நோயாளியின் விபரம் எழுதும் ஆஸ்பத்திரி டிக்கெட்டிலும் அப்படியே எழுதப்பட்டது. பத்து நாள் கழித்துப் பெரிய கொந்தராத்துக்காரர் 75,000 ரூபாயைக் கையில் கொடுத்து, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் பொடியனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சாட்சியாக மாமனும் போட்டிருக்கிறார். இருவருக்கும் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

அவர் கேட்பவை இவை. “பாதுகாப்புப் பெல்ட் கொடுத்தும் போடாதது அவன் பிழைதானே, மேடம்? லெட்டரும் இல்லை, ஈபிஎஃப்பும் இல்லை, நாட்கூலிக்காரனுக்கு எங்கே சட்டம்? கையெழுத்தும் போட்டாச்சு, இனிக் கேட்க முடியுமா? லேபர் ஒபிசுக்குப் போனால் எனக்குக் கொழும்பில் இனி யார் வேலை தருவார்கள்?” கடைசியாக ஒரு வரி: “அக்கா என்னோடு கதைப்பதில்லை.”

அன்புள்ள மாமனுக்கு,

உங்கள் கடிதத்தில் ‘பிழை’ என்ற சொல் பதினொரு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அவன் பிழை, என் பிழை, மழையின் பிழை, சுப்பவைசரின் பிழை. இரவில் தூக்கம் வராமல் எழுதிய கடிதம் என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் உங்கள் மருமகனின் நட்டஈட்டைத் தீர்மானிக்கும் சட்டம் அந்தச் சொல்லோடு தொடங்குவதில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் காயம் வேலையின்போது, வேலை காரணமாக நடந்த விபத்தில் ஏற்பட்டதா என்பதுதான். ஆம் என்றால், தொழில்தருநர் கவனமாக இருந்தாரா, தொழிலாளி கொஞ்சம் அசட்டையாக இருந்தானா என்பதெல்லாம் பின்னால் போய்விடும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு வேலை செய்ததால் நடந்த விபத்து, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொல்லப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் நடந்த விபத்து போன்றவற்றில் தொழில்தருநர் தப்பலாம். தொழிலாளி இறந்துபோனால் அப்படித் தப்பவும் முடியாது. பெரிய கொந்தராத்துக்காரர் ‘பெல்ட்’ கதையைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். நீங்களும் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நீங்களே இன்னொரு தடவை வாசியுங்கள். ஏழு பேருக்கு இரண்டு பெல்ட். இரண்டும் இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட். அன்று காலை இரண்டும் மேல் தட்டில் நின்றவர்களிடம் இருந்தன. இல்லாத பெல்டைப் போடவில்லை என்பது கட்டளையை மீறியதாகுமா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். அவனிடம் முழு உடம்புக்கும் மாட்டுகிற நல்ல பெல்டே இருந்திருக்கட்டும். உங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல அதைக் கால்மட்டத்துக் குழாயில் கொளுவியிருக்கட்டும். கயிறு 6 அடி. விழும்போது அதிர்ச்சியைத் தாங்க விரிகிற மடிப்பு 3 அடிக்கு மேல். முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 5 அடி. கூட்டிப் பாருங்கள், 14 அடியைத் தாண்டுகிறது. அவன் நின்ற உயரமே 14 அடிதான். பெல்ட் போட்டிருந்தாலும் பாதம் தரையைத் தொட்டிருக்கும். அந்த உயரத்தில் ஆளைக் காப்பாற்றுவது கைப்பிடிக் குழாய். அந்தக் குழாய் எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நாட்கூலியும் தொழிலாளிதான்

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். வேண்டியதில்லை. “நாளைக்கு வா, இவ்வளவு தருகிறேன்” என்ற வாய்ச்சொல்லே ஒப்பந்தம். நாட்கணக்கில் கொடுத்தாலும், செய்த வேலைக்கு அளந்து கொடுத்தாலும், உங்கள் தொழிலுக்காக வேலை செய்தவன் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி. ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி இல்லாததால் அவனுடைய உரிமை குறையாது. மாறாக, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி முதல் நாளிலிருந்தே அவனுக்கு ஈபிஎஃப் கட்டியிருக்க வேண்டும். தொழிலாளியிடம் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் இன்னும் 3 வீதம். கட்டாதது தொழில்தருநரின் குற்றம். அது தனி வழக்கு, இப்போது அதற்குள் போகவில்லை.

யார் கொடுக்க வேண்டும்?

இந்த இடத்தில் உங்களுக்குப் பாதி ஆறுதலும் பாதி கசப்பும் இருக்கிறது. ஒருவர் தன் தொழிலுக்குரிய வேலையை இன்னொருவருக்குக் கொந்தராத்தாகக் கொடுத்தால், அந்த இரண்டாமவரின் ஆள் காயப்படும்போது மேலேயிருக்கும் முதலாமவரிடமே நட்டஈடு கேட்கலாம். “அவன் என் ஆள் இல்லை, பாஸின் ஆள்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. கட்டிடம் கட்டுவது அவர் தொழில், வெளிப்பூச்சு அதில் ஒரு பகுதி. கசப்பு என்னவென்றால், கொடுத்த பணத்தை அவர் உங்களிடம் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எனவே “எனக்கு இதில் பொறுப்பே இல்லையா” என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அதனால்தான் நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். காப்புறுதி எங்கே? ஓரளவு பெரிய கொந்தராத்துக்காரர்கள் தொழிலாளர் நட்டஈட்டுக்கென்று காப்புறுதி எடுப்பது வழக்கம். ஒப்பந்த ஆவணங்களே பெரும்பாலும் அதைக் கட்டாயப்படுத்தும். உங்கள் சைட்டுக்கு அது இருந்திருந்தால், பெரிய கொந்தராத்துக்காரர் காப்புறுதிக் கம்பனியிடம் உடனே அறிவித்து இந்தச் செலவை அதன் தலையில் போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் விபத்தை ஒளிக்கிறார் என்றால், ஒன்று காப்புறுதி இல்லை, இல்லாவிட்டால் உங்களைப் போன்ற சப் கொந்தராத்து ஆட்களை அதில் சேர்க்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் உச்சத் தொகை 20 லட்சம் ரூபாய். அதற்கு முன் ஐந்தரை லட்சமாக இருந்தது. எல்லோருக்கும் உச்சம் கிடைக்காது. அவனுடைய சம்பளத்தையும், உழைக்கும் சக்தியில் எவ்வளவு நிரந்தரமாகக் குறைந்தது என்பதையும் வைத்துத்தான் கணக்கு. குதிகால் உடைந்தவர்களில் பலருக்கு, எலும்பு பொருந்தியபிறகும் மேடுபள்ளத்தில் நடக்க, ஏணியில் ஏற, குந்தியிருக்க வலி விடுவதில்லை. மேசன் வேலையில் இந்த மூன்றும் இல்லாத நாள் உண்டா? அவன் இன்னும் காலூன்றவே இல்லை. அதற்குள் 75,000 என்று யார் எதை அளந்து முடிவு செய்தார்கள்?

அந்தத் தாள்

“இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்று தொழிலாளி எழுதிக் கொடுத்து, தன் சட்ட நட்டஈட்டை விட்டுக்கொடுக்க முடியாது. அப்படியான ஒப்பந்தம் செல்லாது. இரண்டு தரப்பும் மனமொத்துத் தீர்த்துக்கொள்வதென்றாலும் அது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். எனவே அந்தக் கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். வாங்கிய 75,000 ரூபாயைப் பிற்பாடு மொத்தத் தொகையில் கழிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தாளின் பிரதியை வாங்கி, யாராவது ஒரு நம்பகமானவரைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். எனக்குக் கவலை அதில் பணத்தைப் பற்றி எழுதியிருப்பது அல்ல. ‘வீட்டுப் படியில் விழுந்தேன்’ என்றும் அதில் ஒரு வரி இருந்தால் அதுதான் நமக்கு வேலை வைக்கும்.

ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நட்டஈட்டு வழக்கு நிற்பது ‘வேலையின்போது’ என்ற ஒரு சொல்லில். அந்தச் சொல்லை முதல் நாளே அவனுடைய டிக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுப்பவைசர் பதட்டத்தில் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இதே ‘படியில் சறுக்கிய’ கதையை வேறு கட்சிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவரின் அறையில் படியே கிடையாது.

எழுதியதை அழிக்க முடியாது, அழிக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். மேலே உண்மையை எழுத வைக்கலாம். அடுத்த கிளினிக்கில் அவனே வைத்தியரிடம், “நான் சாரத்திலிருந்து விழுந்தேன், வேலை போய்விடும் என்ற பயத்தில் வேறுமாதிரிச் சொன்னோம்” என்று சொல்லட்டும். அதைக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். இரண்டு குதிகாலும் இடுப்பு முள்ளந்தண்டும் ஒன்றாக உடைவது உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவர்களிடம் வைத்தியர்கள் வழக்கமாகக் காணும் காயம். இரண்டு படி சறுக்கியவனுக்கு இது வருவது அரிது. அவன் எலும்பே அவனுக்குச் சாட்சி.

பிறகு வெள்ளவத்தைப் பொலிஸில் முறைப்பாடு. விபத்து நடந்த இடம் அவர்களுடைய பிரிவு. தமிழிலேயே கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு, விளங்காத மொழியில் எழுதியதில் இன்னொரு தடவை கையெழுத்துப் போட வேண்டாம். பொலிஸ் அவனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக்கூடும், அது நல்லதுதான். அதே சமயம் கவலையீனத்தால் காயம் ஏற்பட்டது என்ற கோணத்தில் உங்களையும் விசாரிக்கலாம். ஆகவே வாக்குமூலம் கொடுக்கும் முன் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியைக் கண்டு கதைத்துவிடுங்கள்.

உங்களுக்கென்று என்று சொன்னேன். மருமகனுக்கு வேறு ஆள் வேண்டும். உங்கள் நன்மையும் அவன் நன்மையும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் இல்லை. சொந்தமாக இருப்பதால் அது மறைந்துவிடாது. அக்கா கதைக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: நீங்கள் அவனுக்கு மாமனாகப் பேசுகிறீர்களா, கொந்தராத்துக்காரருக்கு சாட்சியாகப் பேசுகிறீர்களா என்று அவருக்குத் தெரியவில்லை. காசில்லாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவனை அங்கே அனுப்புங்கள்.

அவன் செய்ய வேண்டியவை இவைதான். இரண்டு கொந்தராத்துக்காரருக்கும், அதாவது உங்களுக்கும் சேர்த்து, விபத்தைப் பற்றிப் பதிவுத் தபாலில் அறிவித்தல். நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம். தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் என்று பெயரிருப்பதால் அது கார்மன்டுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், கட்டிட வேலைக்கும் அதில் இடமுண்டு. மூன்று நாளுக்கு மேல் ஒருவரால் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போகும் விபத்தை அந்தச் சட்டப்படி அறிவித்தே ஆக வேண்டும். உங்கள் சைட்டில் ஐந்து வாரமாக யாரும் அறிவிக்கவில்லை. சாதாரண நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடும் வழியும் உண்டு. அதற்கு இரண்டு வருடக் காலக்கெடு, அங்கே ‘பிழை’யை நிரூபிக்கவும் வேண்டும், இரண்டு வழியிலும் பணம் பெற முடியாது. எது நல்லது என்பதை அவனுடைய சட்டத்தரணி மருத்துவ அறிக்கையைப் பார்த்துச் சொல்லட்டும்.

வேலை போய்விடும் என்ற பயம்

அது பொய்ப் பயம் இல்லை. கொழும்பில் கொந்தராத்துக்காரர்கள் ஒருவரோடொருவர் கதைத்துக்கொள்வார்கள். இந்த ஆள் உங்களுக்கு இனி வேலை தராமல் போகலாம். ஆனால் தராசின் மற்றத் தட்டில் இருப்பதையும் பாருங்கள். நாளைக்கு அவன் வழக்குப் போட்டால், நீங்கள் அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆளாக நிற்பீர்கள். பெரியவர் “பாஸ்தான் எல்லாம் பார்த்தார்” என்று ஒதுங்கிக்கொள்வார். என் அபிப்பிராயம், முதலில் ஒரு கடிதம். மருமகனின் சட்டத்தரணி எழுதட்டும்: உண்மையை ஏற்றுக்கொண்டு, ஆணையாளர் முன்னால் பதிவு செய்து தீர்க்கத் தயாரா என்று. பலர் அந்தக் கட்டத்தில் இறங்கி வருகிறார்கள், ஏனென்றால் பகிரங்க விசாரணை அவர்களுக்கும் பிடிக்காது. அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

அதே சாரத்தில் இன்னும் ஆறு பேர்

உங்கள் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “திங்கட்கிழமை மேற்குப் பக்கப் பூச்சு தொடங்க வேண்டும்.” அதே சாரமா?

நான் பொறியியலாளர் இல்லை. ஆனால் விழுந்தவர்களின் கதையை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கேட்டு, சாரத்தின் கீழ் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். வியாழக்கிழமை சாந்து வாளியை இழுத்தேற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று கைப்பிடிக் குழாயைக் கழற்றினீர்கள். மாலையில் திரும்பப் பூட்டவில்லை. இரவு மழை. சாரத்தின் மூலைக்கால் இரண்டு செங்கல்லின் மேல், செங்கல் களிமண்ணின் மேல். காலையில் மூலை இறங்கியிருந்தது. பலகை இரண்டே இரண்டு, கட்டாமல் போட்டவை, ஒன்றின் நுனி தாங்கியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்த நுனியில் கால் வைத்ததும், உங்கள் சொல்லிலேயே, “சீசோ மாதிரி எழும்பியது.” இதில் பெல்ட் எங்கே வருகிறது?

மழைக்குப் பிறகு யாரும் ஏறும் முன் நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒவ்வொரு காலின் கீழும் இரும்புத் தட்டும், அதன் கீழ் அகலமான பலகைக் கட்டையும் இருக்க வேண்டும், செங்கல் கூடாது. பலகை நுனி தாங்கியைத் தாண்டி அதன் தடிப்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நீளக்கூடாது என்பது சாரம் கட்டுபவர்களின் பொதுக் கணக்கு. எல்லாப் பலகையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிப்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கைப்பிடி, நடுவில் இன்னொன்று, காலடியில் பொருள் விழாமல் ஒரு பலகை. சாந்து ஏற்ற ஒரு இடத்தில் திறக்க வேண்டுமென்றால், அந்த ஒரு இடத்தில் மட்டும் திறந்து, வாளி ஏறியதும் மூடுங்கள். சாரம் கட்டிடத்தோடு பல இடங்களில் பிணைந்திருக்க வேண்டும், தனியாக நிற்கக்கூடாது. கடற்காற்று படுகிற பக்கத்தில் குழாய்களை இணைக்கும் பூட்டுகளின் சுரை (நட்) துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்கும், மேற்குப் பக்கத்தில் அவற்றைத் தனியாகப் பாருங்கள். கொழும்பில் சைட்டுகளுக்கு டெங்குக் குடம்பி தேடி அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள், தேங்கிய தண்ணீருக்கு வழக்கும் போடுகிறார்கள். அதே ஊக்கத்தோடு சாரத்தின் காலைப் பார்க்க வருகிறவர்களை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

“இதற்கெல்லாம் நேரம் யார் தருவது?” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சதுர அடிக்குக் காசு என்றால், பூசிய சுவருக்குத்தான் காசு. குழாயைத் திரும்பப் பூட்டும் அரை மணிக்குக் காசில்லை. அந்த அரை மணிதான் வியாழக்கிழமை மாலை விடுபட்டது. அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: சாரம் கட்டுவதும் பராமரிப்பதும் பெரிய கொந்தராத்துக்காரரின் செலவு, ஆளுக்கொரு முழு உடம்புப் பெல்டும் அதைக் கொளுவ தலைக்கு மேல் இடமும் அவர் தர வேண்டும், உங்கள் ஆட்களின் பெயர் அவருடைய காப்புறுதியில் இருக்க வேண்டும். மாட்டேன் என்றால் உங்கள் விலையில் அதற்கான காசைக் கூட்டிக் கேளுங்கள்.

மருமகனின் அடுத்த கிளினிக் புதன்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் சாரத்தின் படங்கள் யாருடைய போனில் இருக்கின்றன என்று பாருங்கள், அழித்துவிடாமல் எடுத்து வையுங்கள். வரவுப் புத்தகத்தில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் படமெடுங்கள். சுப்பவைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளும் வேண்டும். கீழே நின்று பார்த்த இரண்டு கையாட்களும் ஊருக்குப் போகும் முன் அவர்களுடைய விலாசத்தை வாங்குங்கள். புதன்கிழமை அவனோடு ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போக வேண்டாம். அக்கா போகட்டும். நடந்ததை நடந்தபடி அவரிடம் நீங்கள் சொல்லியிருந்தால், வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.